இடுப்பில் பூட்டிய பாரம்

நேபாள மலைப் பாதையில் நோர்சாங் தமாங் பாரம் சுமக்க வந்த முதல் பருவம் அது. அவனுடைய நெற்றிப் பட்டை சாக்குச் சணலில் திரித்தது. இரண்டு விரல் அகலம்கூட இராது. முதுகுக் கூடையின் கனமெல்லாம் அந்த இரண்டு விரல் அகலத்தில் வந்து உட்கார்ந்து தோலை அறுத்துவிட்டது. புண்ணில் ஈ மொய்த்தது. வலிக்கிறது என்று சொன்னால் கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

ஒரு தேநீர்க் கடையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்து பார்த்தால் கூடையில் வேறு பட்டை இருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். ஆண்டுக்கணக்காகப் பழகி மெத்தென்று ஆகியிருந்தது. உள்பக்கம் பழைய கம்பளித் துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். யாரோ தெரியாமல் மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தூக்கினான். மேட்டு வளைவில் முன்னால் போன ஆள் திரும்பியபோதுதான் தெரிந்தது. அந்த ஆளின் நெற்றியில் இவனுடைய சணல் பட்டை இருந்தது. இவன் பார்த்ததை அவர் பார்த்தார். பாதை வழுக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர்தான் ஹர்க்கமான் ராய். ஹின்கு பள்ளத்தாக்குக்குக் கீழே, மலைச் சரிவில் வீடு. கேழ்வரகு விளைகிற சின்ன நிலம், மனைவி மன்சரி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரண்டு பிள்ளைகள். நோர்சாங்கைவிடச் சில வயது மூத்தவர்.

அடுத்த தசைன் பண்டிகைக்கு நோர்சாங் ஒரு சேவலும் துணியும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். ஒருவர் நெற்றியில் ஒருவர் அட்சதை வைத்து, மாலை மாற்றி, மித் ஆனார்கள். மித் என்பது சிநேகிதத்துக்கு மேலே, கூடப்பிறந்ததற்குச் சமம். அதன்பிறகு ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'நீ' என்று சொல்லக் கூடாது. ஒருவர் போனால் மற்றவர் தீட்டுக் காக்க வேண்டும். பாதையில் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிற இரண்டு பேரும் தங்களுக்குள் மட்டும் 'மித்ஜு, வாங்க', 'மித்ஜு, சாப்பிடுங்க' என்று பேசிக்கொள்வதைக் கேட்டு மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும்.

இப்படிப் பல பருவங்கள் போயின.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஹர்க்கமானின் இடது கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவி விழுந்தது. சூடான தேநீர் விரல்மேல் கொட்டியது. அவர் கையை உதறவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுடலையா மித்ஜு?"

"அதான் பாக்குறேன். சுடணும் இல்ல?"

கீழே சுகாதார நிலையத்தில் இருந்த பெண் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது என்றாள். தலையில் இனிமேல் ஒரு பாரமும் வைக்கக் கூடாது, தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கனம் இடுப்பில் நிற்க வேண்டும், தோளிலும் தொங்கக் கூடாது என்றாள்.

ஹர்க்கமானுக்குப் பயம் வந்தது. சாவுக்குப் பயப்படுகிறவர் இல்லை அவர். அவருடைய அப்பாவும் சுமை தூக்கியவர்தான். கடைசிக் காலத்தில் அந்தக் கிழவருக்கு இரண்டு கையும் விளங்கவில்லை. களியை உருட்டி மன்சரிதான் வாயில் ஊட்டுவாள். மருமகள் கையால் சாப்பிடுவதற்கு வெட்கப்பட்டு, கிழவர் பசியில்லை என்று பொய் சொல்வார். பொய் சொல்லிச் சொல்லியே வற்றிப் போனார். ஹர்க்கமான் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

"அப்பா மாதிரி ஆகக் கூடாது மித்ஜு," என்றார். "சுமைய விட்டா வீடு நிக்காது. நெத்தியில சுமந்தா கை நிக்காது. ரெண்டும் நிக்கிற மாதிரி ஒரு வழி இருந்தா சொல்லுங்க."

நோர்சாங் வாய்க்குள் மந்திரம் சொல்லி, மந்திரம் பொறித்த பிரார்த்தனைச் சக்கரத்தை உருட்டினான். அவனால் ஆனது அதுதான்.

அந்த இலையுதிர் பருவத்தில் குழுத் தலைவர் ஆங்புர்பா, புறப்படும் ஊரின் விடுதி முற்றத்தில் சில சட்டங்களைக் கொண்டுவந்து போட்டார். மலையேற்றக் கம்பெனி அனுப்பியது. அலுமினியக் குழாயை ஏணி போல வளைத்து, அடியில் சின்னப் பலகை போல ஒரு தட்டு, இரண்டு தோள்வார், இடுப்புக்கு ஒரு பட்டை, பட்டையின் நடுவில் பிளாஸ்டிக் கொக்கி. பக்கத்தில், மலையேற வந்தவர்கள் முதுகில் மாட்டுகிற பை ஒன்றும் கிடந்தது. அதிலும் சட்டம் உண்டு, ஆனால் பைக்குள்ளே மறைந்திருக்கும்.

"வேணுங்கறவன் எடுத்துக்கலாம். வேண்டாங்கறவன் கூடைய எடுத்துக்கலாம். கட்டாயம் இல்ல," என்றார் ஆங்புர்பா.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹர்க்கமான் மட்டும் போய்க் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சமையல் பாத்திரம் சுமக்கிற காய்லாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, கோவேறு கழுதைக்கு இந்த மாதிரிதான் வயித்துல வார் கட்டுவாங்க. கழுத்துக்கு மணி தரலையா கம்பெனியில?"

"மணி உனக்குத்தான்டா. நீதான் வழியெல்லாம் சத்தம் போட்டுக்கிட்டே வர்ற."

முதலில் அந்தப் பையை மாட்டிப் பார்த்தார். முதுகோடு ஒட்டிக்கொண்டது. குனிந்தால் கூடக் குனிந்தது, திரும்பினால் கூடத் திரும்பியது. ஆடவே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு, குழந்தைய கட்டிக்கிட்ட மாதிரி," என்றார். "ஆனா கூடாரத்த இதுக்குள்ள எப்படித் திணிக்கிறது? மண்ணெண்ணெய் டப்பாவ எங்க வைக்கிறது? முதுகும் வெந்துரும்."

பிறகு குழாய்ச் சட்டத்தில் இரண்டு மூட்டைகளை ஏற்றிக் கட்டிக்கொண்டு எழுந்தார். எதை வேண்டுமானாலும் கட்டலாம். முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போனது. ஆனால் பாரம் மேலே உயர்ந்து நின்று இப்படியும் அப்படியும் ஆடியது. ஆங்புர்பா வந்து இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கினார். ஆட்டம் நின்றது. ஹர்க்கமான் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மித்ஜு, கழுத்துல ஒண்ணுமே இல்ல. சும்மா நடக்கிற மாதிரி இருக்கு."

நோர்சாங் கிட்டப் போய்க் கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. நெற்றிப் பட்டைக்காரனுக்குப் பாரம் என்பது உடம்பில் மாட்டியது இல்லை. நெற்றியில் தொங்குவது. கால் தடுமாறினால் தலையை ஒரு வெட்டு வெட்டினால் போதும், பட்டை நழுவி, பாரம் தன் வழியே போய்விடும், ஆள் நிற்பான். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது. கண்ணில் தூசி பட்டால் இமை மூடுகிற மாதிரி.

"இத நெத்திப் பட்டையோட சேத்துக் கட்டிக்கலாமே. இடுப்ப அவுத்து விட்டுடலாம். போன பருவத்துல வேற குழுவுல சிலபேர் அப்படித்தான் செஞ்சாங்க," என்றான்.

"இடுப்ப அவுத்தா கனம் மறுபடி கழுத்துக்குத்தான் வரும். அப்புறம் எதுக்கு இது?"

"விழுந்தா?"

"கொக்கி இருக்கே. ரெண்டு பக்கமும் அமுக்கினா விட்டுடுது பாருங்க." அமுக்கிக் காட்டினார். டக்கென்று பிரிந்தது. மறுபடி பூட்டினார். மறுபடி அமுக்கினார். குழந்தைக்குப் புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி முகம் மலர்ந்திருந்தது. நோர்சாங் தன் கூடையை எடுக்கப் போனான்.

நடக்க ஆரம்பித்தார்கள். ஹர்க்கமான் தங்கும் இடத்திலெல்லாம் கொக்கியைப் பழகினார். தொங்கு பாலம் வந்தால் நின்று, இடுப்பை அவிழ்த்துவிட்டுத்தான் கடந்தார். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி இருக்கும், கொஞ்சம் ஆடினாலும் பிடித்துக்கொள்ளலாம். கடந்ததும் மறுபடி பூட்டிக்கொள்வார். காய்லா பின்னால் இருந்து, "வாசக்கதவு தொறந்தாச்சு, வாசக்கதவு சாத்தியாச்சு," என்று கத்துவான்.

இடது கைக்கு மெல்ல உயிர் வந்தது. ஒரு மத்தியானம் அவர் நோர்சாங்கைக் கூப்பிட்டு, கழுத்தில் இருந்த தாயத்துக் கயிற்றின் முடிச்சை இடது கையாலேயே அவிழ்த்துக் காட்டினார். சுண்டு விரல் மட்டும்தான் இன்னும் மரத்திருந்தது. அன்றைக்கு அவர் தன் பங்குச் சோற்றை இடது கையால் பிசைந்தார். சாப்பிடுகிற கையா அது என்று காய்லா கேலி செய்தான். அவர் கவலைப்படவில்லை. பருப்பின் சூடு விரலில் படுவதை உணர்ந்துகொண்டே பிசைந்தார்.

அதற்கு அடுத்தாற்போல் மண்சரிந்த ஓரிடத்தைக் கடந்தார்கள். மேலிருந்து கல் உருண்டு வந்தது. நோர்சாங்கின் காலடியில் மண் இளகியது. அவன் யோசிக்கவே இல்லை. தலை தானாக வெட்டியது. கூடை போய்விட்டது. அதிலிருந்த முட்டைக்கோசுகள் ஒவ்வொன்றாகக் குதித்துக் குதித்து ஆற்றுக்குப் போயின. நோர்சாங் மண்ணில் நகத்தைப் பதித்துக்கொண்டு நின்றான்.

"இனிமே ஆத்துச் சாமிக்கும் முட்டைக்கோசுதான், மீனுக்கும் முட்டைக்கோசுதான்! நமக்குத்தான் வெறும் சோறு!" என்று காய்லா தலையில் கை வைத்துக்கொண்டான். பயம் விலகினால் சிரிப்பு வரும் இல்லையா, எல்லோரும் சிரித்தார்கள். ஹர்க்கமான் சிரிக்கவில்லை. அவருடைய கை இடுப்புக் கொக்கியில் இருந்தது.

"நான் இருந்திருந்தா, மித்ஜு?"

"நீங்க அமுக்கியிருப்பீங்க."

"ஆமா. அமுக்கியிருப்பேன்," என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு மறுபடியும் அதையே சொன்னார்.

மேலே போகப் போகக் குளிர் ஏறியது. மழைக்காலம் அந்த ஆண்டு பின்வாங்கத் தாமதமாகியிருந்தது. பனியாற்றிலிருந்து வரும் ஓடையின் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. முன்னால் போனவர்கள் இரண்டு மரத்தைப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார்கள். காலை வெயில் இன்னும் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. மரத்தின்மேல் கண்ணாடி மாதிரிப் பனி உறைந்திருந்தது. ஆங்புர்பா சாம்பலை அள்ளித் தூவினார். பாதி தூரம்தான் தூவ முடிந்தது.

கூடைக்காரர்கள் கடந்தார்கள். நோர்சாங்கும் கடந்து அக்கரையில் நின்றான்.

ஹர்க்கமான் இக்கரையில் நின்று, வழக்கம்போல இடுப்பை அவிழ்த்தார். ஓர் அடி வைத்தார். பாரம் வலப்பக்கம் ஆடியது. இன்னோர் அடி வைத்தார். இடப்பக்கம் ஆடியது. பிடிமானம் அந்த ஒரே கயிறுதான். காலுக்குக் கீழே அடிமரத்தின் அகலம். பின்வாங்கி வந்தார்.

"இறக்கி வைங்க ராய்," என்று ஆங்புர்பா கத்தினார். "யாராவது வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்!"

யாராவது வந்து அதை நெற்றியில் தூக்கிக்கொண்டு கடந்தால், இந்தச் சட்டம் ஆற்றுக்கு ஆகாது என்று ஊர்முழுக்கப் பேச்சாகிவிடும். அடுத்த பருவம் ஆங்புர்பா இதைக் கொண்டு வருவாரோ மாட்டாரோ. கொண்டு வராவிட்டால் மறுபடி கூடை, மறுபடி நெற்றி, அப்பாவுடைய கை. அவர் என்ன நினைத்தார் என்று யாருக்குத் தெரியும். நோர்சாங் அப்படித்தான் நினைக்கிறான். ஹர்க்கமான் தலையை ஆட்டிவிட்டு, பட்டையை இழுத்து இறுக்கிப் பூட்டினார். ஆட்டம் நின்றது. நடந்தார்.

சாம்பல் முடிந்த இடத்தில் வழுக்கியது.

முதலில் மரத்தின்மேல் விழுந்தார். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாரம் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி அவரை இழுத்தது. ஒரு கையை விட்டு இடுப்புக்குக் கொண்டுபோக நேரம் இருந்தது. நோர்சாங் பார்த்துக்கொண்டிருந்தான், நேரம் இருந்தது. ஹர்க்கமான் தலையைப் பின்னால் வெட்டினார். நெற்றியில் ஒன்றும் இல்லை. மறுபடியும் வெட்டினார். வாழ்நாளெல்லாம் அவரைக் காப்பாற்றிய வெட்டு.

"இடுப்பு! மித்ஜு, இடுப்பு! இடுப்பு!"

ஆற்றின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. மூன்றாவது முறை தலையை வெட்டியபோது கயிறு கையை விட்டது.

கீழே பாறைகள் நடுவில் மூட்டையோடு சிக்கியிருந்தார். சட்டம் ஒருபக்கம் வளைந்திருந்தது, உடையவில்லை. கொக்கியை நோர்சாங்தான் அமுக்கினான். டக்கென்று விட்டுவிட்டது.

அவருக்கு நினைவு இருந்தது. பேச்சும் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

ஹெலிகாப்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். மேகம் மூடியிருக்கிறது, வர முடியாது என்று பதில் வந்தது. மேகம் உண்மையிலேயே மூடித்தான் இருந்தது. யாரைக் குறை சொல்ல? ஒரு கூடையின் பக்கத்தை வெட்டி, உள்ளே கம்பளி விரித்து, ஹர்க்கமானை உட்காரவைத்து, கால்களை வெளியே விட்டுத் துணியால் கட்டினார்கள். நோயாளியை இறக்க எங்கள் மலையில் அந்தக் கூடைதான். நோர்சாங் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்தான். மாற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களிடம் அவன் அதிகம் கொடுக்கவில்லை.

முதுகோடு முதுகு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஹர்க்கமானுக்கு மேலே விட்டுவந்த மலை தெரிந்தது. நோர்சாங்குக்கு இறங்குகிற வழி தெரிந்தது.

"ரொம்பக் கனமா இருக்கேனா மித்ஜு?"

"முட்டைக்கோசு இத விடக் கனம்."

"தலைய வெட்டிறாதீங்க. நான் ஆத்துக்குப் போயிருவேன்."

நோர்சாங் பட்டையை நெற்றியில் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான்.

மந்திரம் செதுக்கிய கற்சுவர் வந்தது. அதை வலப்பக்கமாக வைத்துத்தான் கடக்க வேண்டும், அதற்குச் சற்றுச் சுற்ற வேண்டும். நோர்சாங் மூச்சு வாங்கச் சுற்றினான்.

"நேரா போங்க மித்ஜு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"உங்களுக்காகத்தான் சுத்துறேன்."

"உங்க சாமிக்கு நான் யாரு? எங்க வீட்டு அடுப்புக் கல்லுல இருக்குற முன்னோருக்குத்தான் என்ன தெரியும்."

"நான் தூக்கிக்கிட்டுப் போறேன் இல்ல? பாரம் யாரோடதுன்னு அதுக்குத் தெரியும்."

சுவரைத் தாண்டியதும் ஹர்க்கமான், "அந்தச் சட்டம் எங்க?" என்று கேட்டார்.

"காய்லா எடுத்துக்கிட்டு வர்றான். பாலம் வரட்டும். என் கையால ஆத்துல வீசப் போறேன். அது பேய் மித்ஜு. பேய்!"

கூடை லேசாகக் குலுங்கியது. ஹர்க்கமான் அழுகிறாரா என்று நோர்சாங்குக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது. நெற்றியில் பாரம் இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க முடியாது.

விமானத் தளம் இருக்கிற லுக்லாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செய்தி கேட்டு மன்சரியும் வந்துவிட்டாள். அவள் அழவில்லை. ஒரு தூக்கில் களியும் கீரைச்சாறும் கொண்டு வந்திருந்தாள். ஊட்டப் போனாள். ஹர்க்கமான் அவள் கையிலிருந்து வாங்கி, இடது கையாலேயே களியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். கடைசி வாய் வரைக்கும் அவரே சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

விமானத்தில் நோயாளியும் கூட ஓர் ஆளும்தான் போகலாம் என்றார்கள். மன்சரி போனாள்.

காத்மாண்டு ஆஸ்பத்திரியில் ஹர்க்கமான் சில வாரம் இருந்தார். முதுகில் புண் வந்து, புண் உள்ளே போய், காய்ச்சல் வந்து, இறந்துபோனார். செய்தி வந்தபோது நோர்சாங் பாதையில் இருந்தான். பாரத்தை அங்கேயே இறக்கி வைத்தான். தலையை மழித்துக்கொண்டு, உப்பில்லாமல் சாப்பிட்டு, கூடப்பிறந்தவன் காக்கிற தீட்டை முழுதும் காத்தான். விளக்கு ஏற்றினான். அந்த ஆத்மா நல்ல பிறவிக்குப் போகட்டும் என்று லாமாவிடம் சொல்லி ஓதச் செய்தான். ராய் இனத்தாரின் முறை வேறு, தமாங் இனத்தாரின் முறை வேறு. கடவுள் இரண்டையும் வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் பாதையெல்லாம் பேச்சு பரவியிருந்தது. இடுப்புப் பட்டை ஆளைக் கட்டிக் கொல்லும் என்றார்கள். ஆங்புர்பா கொண்டுவந்த மற்றச் சட்டங்கள் விடுதியின் பின்னால், கோழி அடைய வைக்கிற மூலையில் கிடந்தன. ஒருத்தரும் தொடவில்லை. நோர்சாங் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நிற்பான். வளைந்த அந்த ஒன்றும் அங்கேதான் இருந்தது. அவன் அதை ஆற்றில் போடவில்லை.

போடாததற்குக் காரணம், லுக்லாவில் விமானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறபோது ஹர்க்கமான் சொன்னது. கம்பி வேலி வரைக்கும்தான் நோர்சாங்கை விட்டார்கள். தூக்கியவர்களை ஹர்க்கமான் நிற்கச் சொன்னார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார், இடது கையால்.

"மித்ஜு, சட்டத்தை வீசிறாதீங்க. அது நல்ல சட்டம். என்னைய மாதிரி கை மரத்துப் போனவன் இன்னும் எத்தனையோ பேர் இருக்கான், அவனுக்கெல்லாம் அது வேணும். அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொக்கிய உக்காந்து பழகினா போதாது. நான் உக்காந்துதான் பழகினேன். விழுந்து விழுந்து பழகச் சொல்லுங்க, புல்லுல, மெத்தையில, எங்கயாவது. கை தானா இடுப்புக்குப் போற வரைக்கும் பழகச் சொல்லுங்க. ஏன்னா விழும்போது தலைதான் முந்திக்குது, மித்ஜு. பாரம் இடுப்புக்குப் போயிருச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லல."